கண்ணாடி நேரம்

விடிவதற்கு முன்பே கண்ணாடிகள் நனைந்து கிடக்கும். இரவு இறங்கிய பனியும் பகலில் படிந்த புழுதியும் சேர்ந்து அவற்றின்மேல் மெல்லிய சேறாக ஒட்டியிருக்கும். முதலில் துணியால் அதை வழித்தெடுக்க வேண்டும். பிறகு இரண்டு ஆள் உயரக் கழியின் முனையில் மாட்டிய பிரஷ்ஷைத் தூக்கி, பேனலின் தலையில் வைத்து, அடிவரை இழுக்க வேண்டும். தூக்கு, வை, இழு. தூக்கு, வை, இழு. நாலைந்து பேனலுக்குள் தோள்பட்டை முனக ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் அது முனகிக்கொண்டே இருக்கும், நாம் காது கொடுக்க மாட்டோம்.

வெயிலைப் பிடித்து மின்சாரமாக்குகிற இடம் அது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை கறுப்புக் கண்ணாடிப் பேனல்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து நிற்கும். அவற்றின்மேல் தூசி படிந்தால் மின்சாரம் குறையும். தூசியைத் துடைக்கத்தான் நாங்கள். துடைத்த பிறகு மின்சாரம் கம்பி வழியாக ஊருக்குப் போகும், புழுதி மூக்கு வழியாக எங்களுக்கு வரும். பங்கு பிரித்துக் கொடுத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

என் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. 'தண்ணி' என்று கூப்பிடுவார்கள். வெளியாள் கேட்டால் என்னைக் குடிகாரன் என்றுதான் நினைப்பான். நான் பாட்டிலைத் தொட்டவன் இல்லை. ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் லாரி ஓட்டினேன், அவ்வளவுதான். லாரி போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அப்போதெல்லாம் பேனல்களைத் தண்ணீர் ஊற்றித்தான் கழுவினோம். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கீறல் விடும். ஒரு பேனல் கீறினால் கம்பெனிக்காரர்கள் பெற்ற பிள்ளைக்கு அடிபட்டதுபோல் ஓடி வருவார்கள். அதனால் ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது: கண்ணாடி சுட ஆரம்பித்தால் வேலையை நிறுத்து. சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிற பொறுப்பு என் அக்காவுடையது. கழி பிடித்துப் பிடித்து உள்ளங்கை எல்லோருக்கும் காய்த்துப் போயிருக்கும், அதற்குச் சூடு உறைக்காது. ஆகவே அக்கா புறங்கையை வைத்துப் பார்ப்பாள். "சூடாயிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்வாள். குழாயை மூடுவோம், கழிகளைச் சாய்ப்போம், பேனல்களுக்கு அடியில் புகுந்து நிழலில் படுப்போம். மாலையில் கண்ணாடி ஆறிய பிறகுதான் எழுந்திருப்போம். அந்த இடைவேளைக்குக் 'கண்ணாடி நேரம்' என்று பெயர் வைத்திருந்தோம். மனிதர்களுக்கென்று எவனும் மனமிரங்கிக் கொடுத்தது இல்லை. கண்ணாடிக்குக் கொடுத்தார்கள், அதன் தயவில் நாங்களும் பிழைத்துக் கிடந்தோம்.

பிறகு சுத்தம் செய்கிற வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த கான்ட்ராக்டர் தண்ணீரே வேண்டாத பிரஷ்ஷை இறக்கினார். தண்ணீர் இல்லையென்றால் கீறல் இல்லை, கீறல் இல்லையென்றால் கண்ணாடிக்கு ஓய்வு தேவையில்லை. கண்ணாடிக்கே தேவையில்லாதபோது எங்களுக்கு எதற்கு? லாரியை விற்றார்கள், என் கையில் கழியைக் கொடுத்தார்கள். நாள் கூலி போய், துடைத்த வரிசைக்கு இவ்வளவு என்று வரிசைக் கூலி வந்தது. நடுப்பகலில் உட்கார்ந்தவனுடைய அடுப்பும் உட்கார்ந்தது.

அதோடு விட்டார்களா? புதிதாக வந்த பேனல்கள் அடிப்பக்கத்தாலும் வெளிச்சத்தை உறிஞ்சுமாம். அதற்காகத் தரையெங்கும் வெள்ளைச் சல்லிக்கல்லைக் கொட்டினார்கள். மேலிருந்து விழுகிற வெளிச்சம் சல்லியில் பட்டு எகிறிப் பேனலின் வயிற்றில் விழும். வழியில் நிற்கிற எங்கள்மேலும் விழும். தலையில் துணியைக் கட்டினால் போதும் என்றிருந்த எங்களுக்குக் கீழேயிருந்தும் வெயில் அடித்தது. தாடைக்கு அடியில், காது மடலின் பின்புறத்தில், மூக்குத் துவாரத்தின் விளிம்பில், வெயிலே பார்க்காத இடங்கள் என்று நாங்கள் நினைத்திருந்த இடங்களிலெல்லாம் தோல் கறுத்து உரிந்தது. அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை. வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் எங்கே போவது?

அக்காவால் மட்டும் எதையும் மறைக்க முடியாது. அவளுக்கு வெண்புள்ளி. புறங்கைகளில், கழுத்தில், கீழுதட்டில் பாதிவரை வெள்ளைத் திட்டுகள். அதற்காக அவள் ஒருநாளும் மூலையில் உட்கார்ந்தவள் இல்லை. "என்னைச் செய்யும்போது பாதியில பெயிண்ட் தீந்துபோச்சு. கான்ட்ராக்ட் வேலைன்னா அப்படித்தான் இருக்கும்" என்பாள். புருஷன் விட்டுவிட்டுப் போனதைக் கேட்டால், "தொத்தாதுன்னு டாக்டர் சொல்லியும் ஓடினான். அப்ப வியாதி யாருக்கு?" என்று திருப்பிக் கேட்பாள். அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். என் மனைவிக்கு அண்ணி என்றால் உயிர், என்னைவிட ஒரு பிடி கூடுதலாகவே.

எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு 'வாத்து' என்று பட்டப்பெயர். பெரிய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவர் சல்லியில் நடக்கிற அழகைப் பார்த்தவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள். நல்ல உழைப்பாளி. ஆனால் அக்கா வாய் வைத்த டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டார். சொந்த டம்ளர் ஒன்றைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருப்பார். நடந்தால் அது பூட்ஸில் இடித்து 'டங் டங்' என்று சத்தம் போடும். "எருமைக்கு மணி கட்டினாப்பல வர்றாரு பாரு" என்பாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அவளுக்கு அது வலித்தது என்று எனக்குத் தெரியும்.

அப்படியிருக்கையில் ஒரு மூட்டமான நாள் வந்தது. வானம் முழுக்க மெல்லிய வெள்ளை மேகம், மேற்கிலிருந்து சிலுசிலுவென்று காற்று. காற்றில் தலைத்துணி பறந்து கழியில் சுற்றிக்கொண்டது. வெயில்தான் இல்லையே என்று ஒவ்வொருவராக அவிழ்த்தோம். அக்காவும் அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள்.

"இன்னிக்குத்தான்டா தம்பி உடம்புல காத்து படுது" என்றாள்.

உச்சிப்பொழுதில் பழக்கதோஷமாகப் புறங்கையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். "பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. இன்னிக்கு ரெண்டு வரிசை சேர்த்தே இழுக்கலாம்."

இழுத்தோம். சாப்பாட்டு டப்பாவைக்கூட நின்றுகொண்டே காலி செய்தோம். யாரோ பாட்டு எடுத்தார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டோம். வருடக்கணக்காகத் தொட்டுப் பார்த்தே வெயிலை அளந்தவர்கள் நாங்கள். சுட்டால் வெயில், சுடாவிட்டால் வெயில் இல்லை. அதைத் தவிர வேறு அளவு எங்களுக்குத் தெரியாது. அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

வீட்டுக்கு வந்தபோது அக்காவின் வெள்ளைத் திட்டுகள் சிவந்திருந்தன. விளக்கு ஏற்றுகிற நேரத்தில் எரிச்சல் தொடங்கியது. என் மனைவி துணியை நனைத்து நனைத்துப் போட்டாள். துணி படும்போதெல்லாம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் இரண்டு புறங்கைகளிலும் கழுத்திலும் கொப்புளம் எழும்பியிருந்தது. கொதிக்கிற எண்ணெயில் கையை விட்டவளுக்கு வருகிற கொப்புளம் அது. வாயைத் திறக்க முடியாமல் உதடு வீங்கியிருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு நான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றைய கூலி போயிற்று, போகட்டும்.

டாக்டர் சின்னப் பெண். தூக்கமில்லாத கண்கள். கொப்புளத்தைப் பார்த்ததும், "எங்க வேலை செய்றீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னோம்.

"ஆனா நேத்து வெயிலே இல்லம்மா" என்றாள் அக்கா.

"சூடு இல்லை. வெயில் இருந்துச்சு" என்றார் டாக்டர். "வெளிச்சத்தோட சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் வருது. புற ஊதான்னு சொல்வோம். அதைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அது சுடாது. மெல்லிசு மேகம் அதைப் பெருசா தடுக்காது. வெள்ளைத் தரையில பட்டா திரும்பியும் வரும். காலையிலேர்ந்து தோலுக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கும், சாயங்காலம்தான் என்ன செஞ்சிருக்குன்னு காட்டும்."

"நாங்க எல்லாரும்தான் நின்னோம். எனக்கு மட்டும் ஏன்?"

"தோல்ல இருக்கிற கறுப்பு ஒரு குடை மாதிரி. இந்தத் திட்டுல உங்களுக்கு அந்தக் குடை இல்லை." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சந்தோஷப்படாதீங்க. உங்க குடையிலயும் ஓட்டை இருக்கு. கறுப்பா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறீங்க. ஆகும், மெதுவா ஆகும். தோல் சுருங்கும், கண்ணுல சதை வளரும், புண்ணு வந்தா ஆறாது. இன்னிக்கு வாங்கினதை நாளைக்கு மறக்கிற பழக்கம் தோலுக்குக் கிடையாது."

அக்காவின் கீழுதட்டை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். வீக்கத்துக்கு நடுவில் பழைய புண் ஒன்று இருந்தது. ஆறுவதும் வெடிப்பதுமாக அது பல மாதமாக இருந்ததாம். எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இதுல ஒரு துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும்" என்றார் டாக்டர்.

"இருக்கிறதே ஒரு துளி உதடு. அதுலயும் பங்கு கேக்குறீங்களே" என்றாள் அக்கா.

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதது எனக்குப் பயமாக இருந்தது. களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். நெருக்கமாக நெய்த துணியால் உடம்பை மூட வேண்டும், பொழுது உச்சியில் இருக்கிற நேரம் வெளியே நிற்கவே கூடாது, நிழல்தான் முதல் மருந்து என்றார்.

"அது எந்தக் கடையில கிடைக்கும்மா?" என்று அக்கா கேட்டாள்.

அடுத்த நாள் கைகளில் கட்டோடு அக்காவும் என்னோடு வேலைக்கு வந்தாள். வேலை செய்ய முடியாது என்று அவளுக்கே தெரியும். காயம் ஆறும்வரை கூலியில் பாதியாவது கேட்கலாம், நடுப்பகல் ஓய்வைத் திரும்பக் கேட்கலாம் என்று வந்தாள். வாசலில் கான்ட்ராக்டரின் கார் நின்றது. நாலு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடி. நாங்கள் போய் நின்றதும் கண்ணாடி நாலு விரற்கடை இறங்கியது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்றும் அவருடைய குரலும் வந்தன.

"என்னம்மா கையில கட்டு?"

அக்கா சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்கிற முதலாளியிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"அன்னிக்கு வெயிலே இல்லையேம்மா. எல்லாரும் பாட்டுப் பாடிக்கிட்டு வேலை பார்த்தீங்கன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. வெயில் இல்லாத நாள்ல ஒருத்தருக்கு மட்டும் வெந்துச்சுன்னா அது அவங்க தோலோட கோளாறு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நானும் வெயில்ல பொறந்து வெயில்ல வளர்ந்தவன்தான்."

"அப்ப காதோரத்துல வெள்ளையா ஏதோ ஒட்டியிருக்கே சார். க்ரீமா?" என்றாள் அக்கா.

அவருடைய கை தன்னையறியாமல் காதுக்குப் போயிற்று. பின்னாலிருந்து யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

வாசலுக்கு மேலே ஒரு பெரிய பலகை உண்டு. அன்றன்றைக்கு எவ்வளவு மின்சாரம் விளைந்தது என்று சிவப்பு எண்களில் ஓடிக்கொண்டிருக்கும். மூட்டமான அன்றைக்கும் அது ஓடியது. கொஞ்சம் மெதுவாக, ஆனால் பொழுது சாய்கிறவரை நிற்காமல் ஓடியது. வீட்டுக்குக் கிளம்பும்போது நானே பார்த்தேன். அது எனக்கு நினைவுக்கு வந்தது.

"வெயில் இல்லன்னா அன்னிக்கு அந்தப் போர்டு எப்படி சார் ஓடிச்சு?" என்றேன். "கண்ணாடிக்கு மட்டும் வெயில் அடிச்சுதா? எங்களுக்கு அடிக்கலையா?"



"வாய் நல்லா இருக்கு. லாரி ஓட்டினவன்தானே" என்றார் அவர். "சரி. இந்தம்மா இனிமே வர வேண்டாம். இன்னொண்ணும் சொல்லிடுறேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. நாளைக்குக் காலையில சூப்பர்வைசர் ஒவ்வொருத்தரையும் பார்ப்பாரு. தோல்ல, கண்ணுல, உதட்டுல கோளாறு இருக்கிறவங்க உள்ள வரக்கூடாது. நோயாளிங்களை வெச்சு வேலை வாங்குறான்னு நாளைக்கு எனக்குப் பேர் வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கண்ணாடி ஏறியது. கார் போன புழுதியில் நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் சட்டைக் கைகளை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காதின்மேல் துணியை இழுத்து மூடினாள். வாத்து தலையைக் குனிந்துகொண்டு கழியை எடுக்கப் போய்விட்டார். எனக்கு நெஞ்சு கொதித்தது. இவர்களுக்காகவா இத்தனை வருடம் அக்கா "சூடாயிடுச்சு" என்று குரல் கொடுத்தாள் என்று தோன்றியது.

அக்கா தனியாக வீட்டுக்குத் திரும்பிப் போனாள். கட்டுப் போட்ட கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிப் போகிறவளைப்போல நடந்தாள்.

அன்று சாயங்காலம் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வாத்து. உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி, ஒரு விஷயம் கேக்கணும். நீங்க போன ஆஸ்பத்திரியில கண்ணுக்குப் பார்ப்பாங்களா? எனக்கில்லை, எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு. கண்ணு ஓரத்துல சதை மாதிரி வளருதாம்."

"அந்தச் சொந்தக்காரரும் வாத்து மாதிரிதான் நடப்பாரா?" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

வாத்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. விளக்கின் பக்கம் முகத்தைத் திருப்பி இமையை விரலால் இழுத்துக் காட்டினார். மூக்கோரத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு சதை கிளம்பி, கருவிழியின் விளிம்பில் ஏறியிருந்தது.

"சாயங்காலமானா பேனலோட ஓரம் ரெண்டு ரெண்டா தெரியுது. ரெண்டு வருஷமா குனிஞ்சே திரியுறேன். நாளைக்கு அவரு டார்ச் அடிச்சுப் பார்த்தாருன்னா என் கதை முடிஞ்சுது. வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்தன்தான்."

அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். அப்போது என் மனைவி அக்காவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவால் டம்ளரைப் பிடிக்க முடியாது. என் மனைவியே அதை அவள் வாயருகில் பிடித்துப் புகட்டினாள். பாதித் தண்ணீரோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வந்தவருக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தாள். வாத்து கை நீட்டி அந்தப் பாதி டம்ளரை எடுத்தார். எடுத்தவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு வாய் வைத்துக் குடித்து முடித்தார்.

அக்காதான் பேச்சைத் தொடங்கினாள். உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகப் பேசினாள்.

"நாளைக்கு எல்லாரும் மறைப்பீங்க. மறைக்க முடியாதவ நான் ஒருத்தி, வெளியே போயிட்டேன். இதோட விடுவானா? அடுத்த மாசம் உன் கண்ணு. அதுக்கடுத்து, காலையில துணியை இழுத்து மூடினாளே, அவ காது. ஒவ்வொருத்தரா வெளியே போயிட்டே இருப்போம், உள்ள இருக்கிறவங்க மூடி மூடி வெச்சுக்கிட்டு வேலை செய்வீங்க. அப்புறம் அவங்களும் வெளியே."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?" என்றார் வாத்து.

"காட்டுங்க. அவன் பார்க்கிறதுக்கு முன்னாடி நீங்களே காட்டுங்க. எல்லாரும் காட்டினா எத்தனை பேரை வெளியே நிறுத்துவான்? அத்தனை கழியையும் அவன் ஒருத்தனே தூக்குவானா?"

வாத்து தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "வேற ஆளைக் கூட்டியாருவான்" என்றார்.

"கூட்டியாரட்டும். அவங்களுக்கும் தோல்தானே இருக்கு."

அன்று இரவே நானும் வாத்தும் எங்கள் ஆட்கள் குடியிருந்த சந்துகளில் ஏறி இறங்கினோம். எடுத்த எடுப்பில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. என்னை விட்டுடுங்க" என்று ஒருவர் கதவைச் சாத்தினார். ஒரு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு ஆளில்லாததுபோல் இருந்தார்கள். காதை மூடியவள் மட்டும் எங்களைக் கண்டதும் துணியை எடுத்தாள். காது மடலின் மேல் விளிம்பு அரித்ததுபோல் புண்ணாகியிருந்தது. அவளுடைய புருஷனே அதை அன்றைக்குத்தான் பார்த்தான். "ஏன்டி சொல்லலை?" என்று கேட்டான். "சொன்னா வேலைக்குப் போகாதேன்னு சொல்லுவே. போகலைன்னா எப்படி?" என்றாள் அவள். அந்த வீட்டிலிருந்து இரண்டு பேரும் எங்களோடு கிளம்பி அடுத்த வீட்டுக்கு வந்தார்கள். பிறகு எங்கள் கூட்டம் பெரிதாயிற்று. கதவைச் சாத்தியவர் அன்று திறக்கவே இல்லை. அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

விடியலில் வாசலில் சூப்பர்வைசர் டார்ச் லைட்டோடு நின்றார். அக்காவும் வந்திருந்தாள், கழுத்திலிருந்து விரல்நுனிவரை நெருக்கமான துணியால் சுற்றிக்கொண்டு. முதல் ஆளாக வாத்து போய் நின்றார். அவர் இடுப்பில் கயிறு மட்டும் இருந்தது, டம்ளரைக் காணோம்.

"முதல்ல என் கண்ணைப் பாருங்க சார். நல்லா கிட்ட வந்து பாருங்க."

சூப்பர்வைசர் டார்ச்சை உயர்த்தினார். அடுத்து அந்தப் பெண் காதைக் காட்டினாள். ஒருவர் சட்டையைக் கழற்றித் திரும்பிப் பிடரியைக் காட்டினார். வெடித்த உதடு, தோலுரிந்த தாடை, எரிந்து சிவந்த கண்கள் என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. நான் மூக்கின் அடிப்பக்கத்தைக் காட்டினேன். கடைசியில், கதவைச் சாத்திக்கொண்டவரும் வரிசையில் வந்து நின்றார். யார் முகத்தையும் பார்க்காமல், பூட்ஸைக் கழற்றித் தன் காலை நீட்டினார். சல்லியிலிருந்து எகிறிய வெளிச்சம் பூட்ஸுக்கு மேலே ஒரு வளையமாகத் தோலைத் தின்றிருந்தது.

டார்ச் வரவரத் தாழ்ந்தது. "எல்லாருக்குமே இருக்கே" என்று முணுமுணுத்தார் சூப்பர்வைசர்.

"உங்க மூக்கைக் கொஞ்சம் திருப்புங்க சார்" என்றாள் அக்கா. அவர் மூக்கும் உரிந்துதான் இருந்தது.

அவர் தள்ளிப் போய் போனில் பேசினார். எதிர்முனையில் கான்ட்ராக்டர் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. அன்றைக்குக் கம்பெனியிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்களாம், பேனல்கள் பளபளவென்று இருக்க வேண்டுமாம். எல்லோரையும் உள்ளே விடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அந்த வெள்ளைக்கைக்காரியை விடாதே என்பது உத்தரவு. சூப்பர்வைசர் வந்து அதை எங்களிடம் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் அக்காவை நடுவில் விட்டுக்கொண்டு உள்ளே போனோம்.

வேலையை முறையாகச் செய்தோம். தூக்கு, வை, இழு. யாரும் கையைச் சுருக்கவில்லை. பொழுது ஏறியது. அன்றைக்கும் வானத்தில் அதே மெல்லிய வெள்ளை மேகம், அதே காற்று. மேகத்துக்குப் பின்னால் சூரியன் தலைக்கு நேரே வந்துகொண்டிருந்தது. யாரும் தலைத்துணியை அவிழ்க்கவில்லை. எல்லோர் கண்களும் அக்காவின் பக்கம் போய்ப் போய் வந்தன.

அக்கா பேனலுக்கு அருகில் வந்து நின்றாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கினாள், பிறகு தொங்கவிட்டாள். வாத்து கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளிடம் போனார்.

"நீ வைக்க வேண்டாம். நான் வைக்கிறேன்."

தன் புறங்கையைக் கண்ணாடியில் வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், நானும் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி சுடவே இல்லை. அன்றைக்குப்போலவே பச்சைத் தண்ணீராக இருந்தது. வாத்து கையை எடுக்காமல் அக்காவைப் பார்த்தார். அவளுடைய கைக் கட்டைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். அந்த உதட்டில் சோதனைக்காக மறுநாள்தான் கத்தி வைப்பதாக இருந்தது. அதற்குப் பிறகு என்ன சொல்வார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

வாத்து திரும்பி, கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னார்.

"சூடாயிடுச்சு."

கழிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கடைசியாகச் சாய்த்தவர் அந்தக் கதவைச் சாத்தியவர். லாரியை விற்றபோது நான் எடுத்து வைத்திருந்த பழைய தார்ப்பாயை அன்று கையோடு கொண்டு போயிருந்தேன். பேனல்களுக்கு அடியில் வெள்ளைச் சல்லியை மறைத்து அதை விரித்தேன். கீழேயிருந்து அடித்த வெளிச்சம் நின்றது. எல்லோரும் உள்ளே நுழைந்து உட்கார்ந்தோம். தண்ணீர்க் குடமும் ஒரே ஒரு டம்ளரும் கைமாறிக் கைமாறி வந்தன. முதலில் அக்காவுக்குப் புகட்டினார்கள்.

தூரத்தில் புழுதி கிளம்பியது. கார் வேகமாக வந்து எங்கள் வரிசைக்கு எதிரே நின்றது. கறுப்புக் கண்ணாடி நாலு விரற்கடை இறங்கியது. "ஏய், யாரு நிறுத்தச் சொன்னது?" என்று குரல் வந்தது. கண்ணாடி முழுவதும் இறங்கியது. அப்போதும் அவருக்கு எங்கள் முகம் தெரிந்திருக்காது, நாங்கள் நிழலுக்குள் இருந்தோம். கதவு திறந்தது. கான்ட்ராக்டர் வெளியே இறங்கிச் சல்லியில் நின்றார், கையை நெற்றியில் வைத்துக் கண்ணைச் சுருக்கினார்.

"வெயில் கடுமையா இருக்கு சார்" என்றாள் அக்கா. "உள்ள வாங்க, பேசலாம்."

அவர் அங்கேயே நின்று பார்த்தார். பிறகு எங்களோடு பேசுவதற்காகக் குனிந்தார்.